விகுதி ஏறாத புது

நெட்டப்பாக்கம் கொம்யூனில் உள்ள மடுகரை என்ற ஊரின் பெயரில் இரண்டு பெயர்ச்சொற்கள் இருக்கின்றன: நீர் ஆழமாகத் தேங்கி நிற்கும் மடு, அதன் கரை. அதே கொம்யூனில் உள்ள கரியமாணிக்கத்தின் பெயர் வேறு வகை. அதன் முதலில் நிற்கும் ‘கரிய’ தனியாக எந்தப் பொருளையும் சுட்டாது. மாணிக்கத்தின் நிறத்தைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அங்கேயே உள்ள பண்டசோழநல்லூருக்குள் ‘நல்’ இருக்கிறது. இந்த ஊர்களெல்லாம் அடங்கிய புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் பெயரோ ‘புது’வில் தொடங்குகிறது. கரிய, நல், புது மூன்றும் பெயரடைகள். மூன்றுக்கும் மூன்று வடிவம். ஒன்று ‘இய’ என்று நீண்டிருக்கிறது. ஒன்று தன் லகரத்தை இரட்டித்துக்கொண்டு ஊரோடு ஒட்டியிருக்கிறது. ஒன்று உகரத்தில் முடிந்து, பின்னால் வரும் சகரத்தை இரட்டிக்க வைத்திருக்கிறது.

தமிழும் கன்னடமும் தெலுங்கும் கோண்டியும் குருக்கும் தனித்தனியாகப் பிரிவதற்கு முன் பேசப்பட்ட மூலத் திராவிடத்தில் பெயரடை எப்படி இருந்தது? பால், எண், வேற்றுமைக்கு ஏற்ப அது மாறியதா, அல்லது இன்று நாம் பேசும் ‘புது’வைப் போல எதையும் ஏற்காமல் நின்றதா? அந்த மொழியில் எழுதப்பட்டதாக ஒரு வரியும் நம்மிடம் இல்லை. ஆனாலும் இந்தக் கேள்விக்குக் கணிசமான அளவு விடை காண முடிகிறது. அதற்குப் ‘புது’ ஒன்றையே பின்தொடர்ந்து போவது நல்ல வழி என்று நினைக்கிறேன். காரணம், இந்தச் சொல் ஊர்ப்பெயர்களில் ஏராளமாகப் பதிந்திருக்கிறது. ஊர்ப்பெயர் பேச்சுமொழியைவிட மெதுவாக மாறும்.

இதே வகை வேலை ஐரோப்பாவில் கெல்டிக் மொழிகளில் நடந்திருக்கிறது. அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தால் நம்முடையது எந்த இடத்தில் வேறுபடுகிறது என்பது தெளிவாகும். அயர்லாந்தின் ஐரிஷ், வேல்ஸின் வெல்ஷ், பிரான்ஸின் மேற்கு மூலையில் பேசப்படும் பிரெத்தோன், இங்கிலாந்தின் தென்மேற்கிலிருந்த கார்னிஷ், ஜூலியஸ் சீசர் படையெடுத்த காலத்தில் இன்றைய பிரான்சில் பேசப்பட்ட காலிக் ஆகியவை ஒரே தாயிலிருந்து வந்தவை. ‘புதிய’ என்பதற்கு வெல்ஷில் நெவித், பிரெத்தோனில் நெவெஸ், கார்னிஷில் நோவித், பழைய ஐரிஷில் நூயே. காலிக்கில் அது ஊர்ப்பெயர்களின் முற்பாதியாக, நோவியோ- என்று, மிகுதியாகக் கிடைக்கிறது. இவற்றை ஒப்பிட்டு அறிஞர்கள் மீட்டெடுத்த மூலக் கெல்டிக் வடிவம் *நொவியொஸ். முன்னால் உள்ள உடுக்குறி, இது எழுத்தில் கிடைத்ததல்ல, கணித்து எடுத்தது என்பதற்கு அடையாளம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அகஸ்ட் ஷ்லைகர் என்ற ஜெர்மானிய அறிஞரின் நூல்கள் வழியாக இந்தக் குறி பரவியது.

இந்தச் சொல் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் பொதுச்சொத்து. சமஸ்கிருதத்தின் நவ, நவ்ய, இந்தியின் நயா, இலத்தீனின் நோவுஸ், பிரெஞ்சின் நூவோ எல்லாம் இதற்கு உறவு. தமிழ் கடன் வாங்கிய நவீனமும் அந்த வழியில் வந்ததே. இதன் திரிபும் நமக்குப் பழக்கமான சமஸ்கிருதத் திரிபைப் போன்றதுதான். ஆண்பால் பெயருக்கு முன் *நொவியொஸ், பெண்பாலுக்கு *நொவியா, நடுப்பாலுக்கு *நொவியொம். வேற்றுமை மாறினால் அடையின் ஈறும் மாறும். பன்மைக்கு வேறு ஈறு. புதிய வீட்டில் என்று நாம் ஒரே ஒரு ‘இல்’லை வீட்டோடு மட்டும் சேர்ப்போம். சமஸ்கிருதத்தில் நவே க்ருஹே என்று இரண்டு சொல்லும் ஏழாம் வேற்றுமை ஏற்கும். மூலக் கெல்டிக்கிலும் அப்படித்தான்.

ஆனால் அந்த மொழியிலும் பெயரடை ஓரிடத்தில் தன் ஈறுகளையெல்லாம் உதிர்த்துவிடுகிறது. அது தொகைச்சொல். சீசரின் போர்க்குறிப்புகளில் நோவியோதூனும் என்ற ஊர் வருகிறது. தூனும் என்றால் கோட்டை. முன்னால் நிற்கும் நோவியோ- ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை, எந்த வேற்றுமையும் ஏற்கவில்லை, வெறும் அடி. அந்த ஊர்ப்பெயரைத் தமிழில் சொன்னால் புதுக்கோட்டை. இதே பெயரில் இன்றைய சுவிட்சர்லாந்தின் நியோன் நகரும் ருமேனியாவில் தன்யூப் ஆற்றங்கரையில் ஒரு கோட்டையூரும் இருந்தன. நோவியோமாகுஸ் என்ற பெயர் நெதர்லாந்தின் நைமேகன் ஆகவும் வட பிரான்சின் நுவாயோன் ஆகவும் தேய்ந்திருக்கிறது. மாகுஸ் என்பது வெளியையும் சந்தையையும் குறித்த சொல். திரிபு மிகுந்த மொழியிலும் தொகைச்சொல்லுக்குள் பெயரடை வெறும் அடியாகவே நிற்கிறது. தமிழில் அந்த நிலை தொகைக்குள் மட்டும் என்றில்லாமல் எங்கும் பரவியிருக்கிறது.

இனி நம் பக்கம். தென்னிந்திய மொழிகள் ஒரு தனிக் குடும்பம் என்பதை 1816-இல் சென்னையில் எல்லிஸ் எழுதினார். கேம்பெலின் தெலுங்கு இலக்கண நூலுக்குச் சேர்த்த குறிப்பில், தமிழ், தெலுங்கு, கன்னட வேர்களைப் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினார். 1856-இல் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தது. 1961-இல் பர்ரோவும் எமனோவும் திராவிடச் சொற்பிறப்பு அகராதியை வெளியிட்டார்கள். 1984-இல் அதன் திருந்திய பதிப்பு. 5,500-க்கும் மேற்பட்ட சொற்குடும்பங்கள் கொண்ட அந்த அகராதி ஒன்றை வேண்டுமென்றே தவிர்த்தது: அதில் மூலவடிவங்கள் இல்லை. தமிழ்ச்சொல் இருந்தால் அது தலையில் வரும், மற்ற மொழிகள் பின்னால் வரும், உடுக்குறியிட்ட வடிவத்தைக் கணிப்பது வாசிப்பவர் பாடு. அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதனால் ஒரு தீங்கும் நேர்ந்தது. தலையில் தமிழ் இருப்பதைப் பார்த்துத் தமிழ் வடிவமே மூலவடிவம் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் ஊறிவிட்டது. ‘புது’ விஷயத்தில் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது.

புதுச்சேரி யூனியன் பிரதேசமே இதற்கு ஒரு சின்ன ஆய்வுக்கூடம். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் தமிழ், மாஹேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு. மலையாளத்தில் புது, புதிய, புத்தன். இந்தப் புத்தன் கன்னியாகுமரி மாவட்டத்துப் புத்தன்துறை வரை இறங்கி வந்திருக்கிறது. ஏனாமில் ‘கொத்த’. இது வேறு வேர். பழைய தெலுங்கில் க்ரொத்த. தமிழின் குழவி, கொழுந்து என்னும் இளமைப் பொருளுள்ள சொற்களின் குடும்பத்தில் இதைச் சேர்க்கிறார்கள். இளையது என்ற பொருள் புதியது என்று விரிந்து பழைய சொல்லை வெளியேற்றிவிட்டது. அதனால் மூலவடிவத்தைத் தேடும்போது தெலுங்கு நமக்கு இங்கே உதவாது. மூலமொழியில் இருந்த ஒரு சொல்லைப் பெரிய மொழி இழந்துவிடுவதும், எழுத்தே இல்லாத சிறிய மொழி காப்பாற்றி வைத்திருப்பதும் இந்தத் துறையில் அடிக்கடி காண்பது.

கன்னடத்தில் ஹொச. பார்வைக்குப் ‘புது’வோடு தொடர்பே இல்லாதது போலத் தெரியும். ஆனால் ஒவ்வொரு ஒலியும் ஒரு வழக்கத்தை ஒட்டியே மாறியிருக்கிறது. தமிழின் பால் கன்னடத்தில் ஹாலு, பல் ஹல்லு, பாம்பு ஹாவு. ஆகவே சொல்முதல் ஹகரம் பழைய பகரம். பழங்கன்னடத்தில் பொச என்றே எழுதியிருக்கிறார்கள். துளுவில் இன்றும் பொச. அடுத்தது ஒகரம். தமிழின் உடல் கன்னடத்தில் ஒடலு, புகை ஹொகெ, இலை எலெ. பின்னால் அகரமோ ஐகாரமோ வரும்போது முன்னுள்ள உகரம் ஒகரமாகவும் இகரம் எகரமாகவும் தாழ்வது அங்கே விதி. (நம் பேச்சுத் தமிழிலும் புடவை பொடவை ஆகிறது.) ஆகவே பொச என்பதில் உள்ள ஒகரம் பழைய உகரம். ஹொச, பொச, புச என்று படிப்படியாகப் பின்னால் போனால் ‘புது’வின் வாசலுக்கே வந்துவிடுகிறோம். ஓசூர் இந்த ஹொச-வும் ஊரும் சேர்ந்தது. தமிழ் வாயில் ஹகரம் உதிர்ந்து முதலெழுத்து நீண்டிருக்கிறது. ஓசூரும் புத்தூரும் ஒரே பெயர்.

இதுவரை தென்கிளை. வடக்கே போனால் காட்சி மாறுகிறது. கோலாமி, பர்ஜி மொழிகளில் புன். கோண்டியில் புனா. ஒடிசாவின் கூயியில் நெடிலோடு பூனி. சோட்டா நாகபுரியின் குருக்கில் புனா. ராஜ்மகால் குன்றுகளின் மால்ட்டோவில் புனெ. பலுசிஸ்தானத்துப் பிராகுயியில் பூஸ்குன். பகரமும் உகரமும் எங்கும் ஒன்றாகவே இருக்கின்றன. அடுத்த மெய் தெற்கே தகரம், நடுவிலும் வடக்கிலும் னகரம், கோடியில் ஸகரத்தோடு ககரம்.

இதை விளக்க இரண்டு வழிகள் உண்டு. ‘பு’ மட்டுமே அடி, அதன்மேல் தெற்கில் ஒரு விகுதியும் மற்ற இடங்களில் வேறொரு விகுதியும் ஏறின என்பது ஒரு வழி. ஆனால் திராவிட அடி பொதுவாக மெய்யில் முடியும். உயிரில் முடிந்தால் அந்த உயிர் பூ, வா, போ என்று நெடிலாக இருக்கும். குறில் ‘பு’ தனியடியாக நிற்பது இந்தக் குடும்பத்தின் இயல்புக்கு ஒவ்வாது. அடி *புத் என்றே கொண்டு, வடக்கில் அதன்மேல் னகர விகுதி ஒன்று ஏறித் தகரத்தைக் கரைத்துவிட்டது என்பது இரண்டாவது வழி. எனக்கு இதுவே நம்பத்தக்கதாகப் படுகிறது. கூயியின் நெடிலை, கரைந்துபோன மெய்க்கு ஈடாக உயிர் நீண்டது என்று விளக்கலாம். பிராகுயியின் ஸகரம் அந்தத் தகரத்தின் எச்சமாகலாம். கன்னடத்தின் சகரமும் விகுதியில் இல்லாமல் வேரிலேயே இருப்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இது முடிந்த முடிவு அல்ல, என் கணிப்பு. ஆனால் ஒன்று உறுதி: தமிழின் ‘புது’வை அப்படியே தூக்கி உடுக்குறி மாட்டிவிட முடியாது.

இனித் திரிபு. திராவிடப் பெயரடைகள் பால், எண், வேற்றுமை காட்டுவதில்லை என்பதைக் கால்டுவெல் தெளிவாகவே சொல்லியிருந்தார். அவர் கண்ணுக்கு அவை பண்பைக் குறிக்கும் பெயர்களாகவோ பெயரெச்சங்களாகவோதான் தெரிந்தன. நம் இலக்கணிகளின் பார்வையும் இதற்குத் தூரத்தில் இல்லை. பெயர், வினை, இடை, உரி என்ற தொல்காப்பியரின் நால்வகையில் பெயரடைக்குத் தனி இடம் கிடையாது. ‘புதுநெல்’ பண்புத்தொகை, ‘புதிய நெல்’லில் உள்ளது குறிப்புப் பெயரெச்சம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி நன்னூலில் இந்தப் பண்புச்சொற்களுக்கு வகுத்த விதி கவனமாகப் படிக்க வேண்டிய ஒன்று. அவர் தொடங்கும் இடம் புதுமை, கருமை, பெருமை என்ற ‘மை’ ஈற்றுச் சொல். அதிலிருந்து ஈறு கெடும், நடுவில் உள்ள உகரம் இகரமாகும், முதலெழுத்து நீளும், தன் ஒற்று இரட்டும், இன எழுத்து மிகும் என்று மாற்றங்களை அடுக்குகிறார். வரலாற்று மொழியியல் இதைத் தலைகீழாகப் பார்க்கும். ‘புது’ முதலில், ‘மை’ பின்னால் ஏறியது, உதிர்ந்ததாகச் சொல்லப்படுவது உண்மையில் ஏறாதது என்று சொல்லும். வரலாறாகப் பார்த்தால் இரண்டாவது பார்வையே சரி. ஆனால் பவணந்தி வரலாறு எழுதவில்லை. ஒரே சொல் எத்தனை உருவில் நடமாடுகிறது என்று விடாமல் பட்டியலிட்டார். அந்த உருவங்களை அவர் ஓரிடத்தில் திரட்டி வைத்திருப்பதால் இன்றைய ஆய்வாளனுக்குப் பாதி வேலை மிச்சம்.

அந்தப் பட்டியலை ஊர்ப்பெயர்களோடு வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. உயிரில் தொடங்கும் சொல் பின்னால் வரும்போது பெரு என்பது பேர் ஆகிறது: பேரூர். கரு என்பது கார்: காரிருள். அரு என்பது ஆர்: ஆருயிர். ரகரம் உள்ள அடிகள் நீள்கின்றன. ஆனால் புது புத்தூர் ஆகிறது, சிறு சிற்றூர் ஆகிறது, நெடு நெட்டெழுத்து ஆகிறது, வெறு வெற்றிலை ஆகிறது. தகர, றகர, டகர அடிகளில் உயிர் நீளாமல் மெய் இரட்டுகிறது. அப்படியானால் முது + ஊர் முத்தூர் ஆகியிருக்க வேண்டும். ஆனால் மூதூர். பசுவோ பச்சிலை, பாசிலை என்று இரண்டு வழியும் போகிறது.

நீளும் அடிகளின் பின்னணியை 1955-இல் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தெலுங்கு வினையடிகளின் நெடில் வரலாற்றை ஆராய்ந்தபோது விளக்கினார். பின்னால் உயிர் வந்தால் வேரின் நெடில் குறுகும், வராவிட்டால் நெடிலாகவே நிற்கும் என்பது அவர் கண்ட விதியின் சாரம். வீழ் – விழு போன்ற இணைகளோடு பேர் – பெரு, கார் – கரு இணைகளும் ஒத்துப்போகின்றன. பேரூரில் முதலெழுத்து நீளவில்லை. பழைய நெடில் குறுகாமல் இருக்கிறது. புத்தூரில் இரட்டித்த தகரமோ, ‘புது’வின் கடைசி உகரம் வேரின் பகுதியல்ல, வேர் *புத் என்ற மெய்யீற்றுச் சொல்லே என்று காட்டுகிறது. உயிர் பின்னால் வந்தால் அந்த உகரம் தேவையில்லை. தகரமே நேரடியாகப் போய் ஒட்டுகிறது. மெய் தொடரும்போது நாவுக்கு ஊன்றுகோலாக உகரம் வந்து நிற்கிறது. நீலகிரியின் கோத்தர் மொழியில் அந்த உகரமும் உதிர்ந்து புத் மட்டும் எஞ்சியிருக்கிறது. வடகிளையின் சான்றிலிருந்து கணித்த வடிவமும் தமிழ்ப் புணர்ச்சியிலிருந்து கிடைக்கும் வடிவமும் ஒரே இடத்தில் வந்து சேர்வது எனக்குப் பெரிய மகிழ்ச்சி தருகிறது.

நெட்டப்பாக்கம், பாகூர்ப் பக்கத்து விவசாயிகள் நாள்தோறும் பயன்படுத்தும் இரண்டு சொற்கள் இதே இலக்கணத்தில் பிறந்தவை. நஞ்சை, புஞ்சை. நல் + செய் நன்செய் ஆகி நஞ்சை ஆனது. புல் + செய் புன்செய் ஆகிப் புஞ்சை ஆனது. செய் என்றால் வயல். நல் என்ற அடை பண்டசோழநல்லூரில் லகரம் இரட்டி நிற்கிறது, நற்பண்பில் றகரமாகிறது, நன்செயில் னகரமாகிறது, நஞ்சையில் ஞகரமாகிறது. பின்வரும் ஒலிக்கு ஏற்ப இத்தனை உருவம் எடுக்கும் அந்தச் சொல், நிலம் ஒன்றா பலவா, எழுவாயா செயப்படுபொருளா என்பதற்காக ஒருபோதும் உருவம் மாறியதில்லை. ஒலிக்காக மாறும், இலக்கணத்துக்காக மாறாது. மூலத் திராவிடப் பெயரடையின் குணமும் இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஏனென்றால் குடும்பத்தின் எந்தக் கிளையிலும், பெயரோடு பாலும் வேற்றுமையும் ஒத்துத் திரியும் பழைய பெயரடை முறை ஒன்று இருந்ததற்கான தடயம் காணப்படவில்லை.

(புன்செயின் ‘புன்’னையும் பர்ஜியின் ‘புன்’னையும் சேர்க்கக் கூடாது. நம்முடையது புல், சிறியது தாழ்ந்தது என்ற பொருள், புன்னகையிலும் அதுவே. நெட்டப்பாக்கத்தின் முற்பாதியை நெடு என்பதோடு இணைக்கவும் ஆசை வரும். கல்வெட்டில் பழைய வடிவம் எப்படியிருக்கிறது என்று பார்க்காமல் அதைச் செய்வது முறையல்ல.)

அப்படியானால் பெயரடைக்குத் திரிபே கிடையாதா? உண்டு, ஆனால் அது அடையாக நிற்கும்வரை இல்லை. பெயருக்கு முன் நிற்பதை விட்டுவிட்டுத் தானே பயனிலையாகும்போது எல்லா விகுதியும் வந்து ஏறுகின்றன. பழந்தமிழில் யான் புதியேன், நீ புதியை, அவன் புதியன், அவள் புதியள், அவர் புதியர், அது புதிது, அவை புதிய. *நொவியொஸில் தன்மை முன்னிலை ஈறுகள் கிடையாது. நான் புதியவன் என்ற பொருளை அடையின் உடம்பிலேயே ஏற்றிச் சொல்ல அம்மொழியால் முடியாது, தனியாக ஒரு வினை வேண்டும். இந்த வகையில் நம் சொல் அதைவிட அதிகமாகவே திரிகிறது. அது திரியும் இடம் மட்டும் வேறு. நம் இலக்கணிகள் இவற்றைக் குறிப்பு வினைமுற்று என்று வினையோடு சேர்த்ததற்குக் காரணமும் இதுதான். அவை புதிய என்ற முற்றும், புதிய வீடு என்ற எச்சமும் ஒரே உருவம் என்பது அடைக்கும் வினைக்கும் இடையில் உள்ள சுவர் எவ்வளவு மெல்லியது என்பதைக் காட்டுகிறது.

இந்தத் திரிபு ஏட்டோடு போய்விடவில்லை. மடுகரை கடைத்தெருவில் புதுசு, பழசு, பெருசு, சிறுசு, இளசு என்று கேட்பதெல்லாம் இதன் தொடர்ச்சி. புதிது முதலில் புதிசு ஆகி, பின் புதுசு ஆனது. இகரத்தையோ ஐகாரத்தையோ அடுத்த தகரம் சகரமாவது பேச்சுத்தமிழின் பொது வழக்கம். ஐந்து அஞ்சு ஆனதும் வைத்து வெச்சு ஆனதும் அப்படியே. இந்தச் சொற்கள் பிறகு முழுப் பெயராகவே நடக்கத் தொடங்கிவிட்டன. பெருசு வீட்டுப் பெரியவரைக் குறிக்கும், பெருசுங்க என்று பன்மையும் ஏற்கும், பெருசுகிட்ட என்று வேற்றுமையும் ஏற்கும். பழையது என்றால் இரவில் நீரூற்றி வைத்த சோறு. வேறு எதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

பெயரடை தனிச்சொல்வகையா இல்லையா என்ற விவாதம் நெடுநாளாக நடக்கிறது. கிருஷ்ணமூர்த்தி 2003-இல் வெளியான தம் பெருநூலில் பெயரடைக்கு இடம் ஒதுக்கி, மூலமொழியிலேயே சில அடிப்படைப் பெயரடைகள் இருந்தன என்ற கட்சியில் நிற்கிறார். நான் அவர் பக்கம். *புத், *நல் போன்றவை எந்த வினையிலிருந்தும் எந்தப் பெயரிலிருந்தும் பிறந்தவையாகக் காட்ட முடியாதவை. புதுமை, நன்மை என்ற பெயர்கள்தாம் அவற்றிலிருந்து பிறந்தவை. விகுதி ஏற்கவில்லை என்பதற்காக ஒரு சொல்லுக்குத் தனி வகை இல்லை என்று சொல்வது, இலத்தீன் இலக்கணத்தின் அளவுகோலை நம்மேல் வைப்பதாகும்.

எழுத்தில் ‘புது’ எப்போது முதலில் தென்படுகிறது என்பதும் புதுச்சேரிப் பகுதியோடு தொடர்புள்ள கேள்வி. கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்ளூஸ், சோழநாட்டுக் கரையின் துறைமுகங்களில் பொதூகே என்ற ஒன்றைச் சொல்கிறது. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், வீராம்பட்டினத்துக்கு அருகே உள்ள அரிக்கமேட்டில் 1945-இல் வீலரும் அதன்பின் கசாலும், 1989 முதல் விமலா பெக்லியும் அகழ்ந்து ரோமானிய வணிகத்தின் எச்சங்களை எடுத்தார்கள். அந்தப் பொதூகே இந்த இடமே என்று பலரும் கொள்கிறார்கள். அது சரியென்றால் புதுச்சேரியின் ‘புது’வுக்கு இரண்டாயிரம் ஆண்டுச் சான்று கிடைக்கும். ஆசையைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டு எழுத்தைப் பார்க்க வேண்டும். கிரேக்கர் முதல் அசையை ஒகரத்தோடும் இரண்டாவதை ஊகாரத்தோடும் எழுதியிருக்கிறார்கள். ‘புது’வின் முதல் உகரம் ஒகரமாகத் தாழ அகரமோ ஐகாரமோ பின்னால் வர வேண்டும், இங்கே வந்திருப்பது உகரம். ஆகவே இடம் அதுவாக இருக்கலாம், ஆனால் அந்தப் பெயரில் ‘புது’ இருக்கிறது என்பதற்கு எழுத்துச் சான்று தளர்வானதே.

‘சேரி’ என்ற பிற்பாதிக்கு உறுதியான நிலம் உண்டு. நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், ஒன்பதாம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட பாகூர்ச் செப்பேடு, அங்கிருந்த கல்விநிலையத்துக்கு மூன்று ஊர்களைக் கொடுக்கிறது. அவற்றில் ஒன்று இறைப்புனைச்சேரி. ஆக இப்படிச் ‘சேரி’யில் முடியும் பெயர்கள் இந்த மண்ணில் அப்போதே வழக்கில் இருந்தன. பாகூர் குப்புசாமி திரட்டி, விஜயவேணுகோபால் பதிப்பித்து 2006-இல் வெளியான புதுச்சேரி மாநிலக் கல்வெட்டுகள் தொகுதி, இதுபோன்ற பழைய ஊர்ப்பெயர் வடிவங்களைத் தேடுபவருக்குப் பெரிய துணை. பிற்காலத்தில் போர்த்துகீசியர் புதுச்செய்ரா என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் பொந்திஷேரி என்றார்கள். அதிலிருந்தே மக்கள் வாயில் பாண்டி. 2006-இல் சட்டப்படி பெயர் புதுச்சேரி என்று திருத்தப்பட்டது. பொந்திஷேரியில் நுழைந்த மெல்லெழுத்து ஐரோப்பியர் எழுதிய வழியில் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கோண்டியின் புனாவுக்குப் பாலம் கட்ட முடியாது. புத்தகத்தைப் புது அகம் என்று பிரிப்பதும் இதைப் போன்றதே. அது சமஸ்கிருதப் புஸ்தகம்.

இந்தச் சொல் உயிரோடு இருக்கும் இன்னொரு இடம் அறுவடை. குடகில் புதுநெல் கொண்டாட்டத்துக்குப் புத்தரி என்று பெயர்: புத் + அரி. கன்னடக்காரர்கள் அதையே ஹுத்தரி என்கிறார்கள். தங்கள் மொழியில் புதியதற்கு ஹொச என்ற சொல் இருக்க, குடகரின் சொல்லை வாங்கிப் பகரத்தை மட்டும் தங்கள் வழக்கப்படி ஹகரமாக்கிக்கொண்டார்கள். கேரளத்திலும் புத்தரி. யாழ்ப்பாணத்தில் தைப்பூசத்தில் புதிர் எடுக்கிறார்கள். புதுக்கதிரைக் குறிக்கும் இந்தப் புதிர் விடுகதையைக் குறிக்கும் புதிர் அல்ல. நம் பக்கத்தில் புத்தரிசி.

மேற்கு ஒடிசாவில் இதே விழா நுவாகாய். புதியதை உண்ணல் என்று பொருள். அதிலுள்ள நுவா ஒடியச் சொல், சமஸ்கிருத நவ-வின் வழியில் வந்தது, அதனால் கெல்டிக் *நொவியொஸுக்கு உறவு. அதே மாநிலத்தில் கூயி பேசும் கந்த மக்களின் வாயில் இருப்பது பூனி. அது புதுச்சேரியின் புதுவுக்கு உறவு. கூயியும் கூவியும் குருக்கும் மால்ட்டோவும் பேசுவோரிடமிருந்து இந்த ஒரு சொல்லின் எல்லா உருவங்களையும், தொகைச்சொல்லில் அது குறுகும் விதத்தையும், பெயராகும்போது ஏற்கும் விகுதிகளையும், அவர்களுடைய ஊர், வயல் பெயர்களில் அது நிற்கும் நிலையையும் திரட்டினால், *புத் என்பதன் தகரம் எங்கே னகரத்திடம் இடம் இழந்தது என்ற கேள்வியைத் தீர்க்க முடியும்.